ஒட்டவைத்த கண்

தா.பழூர் கடைத்தெருவில், டீக்கடைக்கும் உரக்கடைக்கும் நடுவே கட்டியிருந்த ஃப்ளெக்ஸில் என் சின்னம்மாவுக்கு இரண்டு கண்கள் இருந்தன. கண்ணீர் அஞ்சலி என்ற பெரிய எழுத்துக்குக் கீழே, ரோஜாப் பூக்களுக்கு நடுவில், யாரோ ஒருத்தி சின்னம்மாவின் சேலையைக் கட்டிக்கொண்டு வெள்ளை வெளேரென்று பார்த்துக்கொண்டிருந்தாள். கருமாதிக்காகப் பெரம்பலூரிலிருந்து வந்து இறங்கிய எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. அந்தப் பொய்க்கண் எனக்குப் புதிதில்லை. அது செய்த வேலையும் எனக்குத் தெரியும்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. பாவாடை கட்டிய வயதில் முந்திரிக்கொட்டை வறுக்கும் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஓட்டிலிருந்து தெறித்த எண்ணெய் இடது கண்ணில் விழுந்தது. இமை அப்படியே மூடி ஒட்டிக்கொண்டது. அதை அவள் பெரிய குறையாக நினைத்ததே இல்லை. நாற்று நடுவாள், ஊசியில் நூல் கோப்பாள், சித்தப்பா சட்டைப்பையில் ஒளித்து வைக்கும் பீடியைக் கூடத்தில் இருந்தபடியே கண்டுபிடிப்பாள். குறையாக நினைத்தவர்கள் போட்டோக்காரர்கள்தான். ஜெயங்கொண்டத்திலிருந்து கல்யாணத்துக்கு வந்தவர், "கொஞ்சம் அப்படித் திரும்புங்கம்மா" என்று சொல்லிச் சொல்லியே ஆல்பத்தை முடித்தார். எல்லாப் படத்திலும் சித்தப்பா கேமராவைப் பார்க்க, சின்னம்மா யாரோ கூப்பிட்டது போல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள். அதற்குப் பிறகு காதுகுத்தோ வளைகாப்போ, எங்கே போனாலும் அதே அப்படித் திரும்புங்கதான்.

அவளுடைய ஒரே மகள் வெளிநாட்டில் இருந்தாள். நாட்டின் பெயர் இப்போது எதற்கு? தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். ஆனால் மகளுக்கு ரத்தக்கொதிப்பு; விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "அவ வர முடியலன்னா நான் போறேன்" என்று சின்னம்மா கிளம்பினாள். பாஸ்போர்ட் ஆபீசில் ஒரு கேள்வியும் கேட்காமல் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். விசாவுக்குத்தான் நாங்களே வீட்டில் எடுத்து ஆன்லைனில் ஏற்ற வேண்டியிருந்தது.

வெள்ளைப் பின்னணி வேண்டும். சித்தப்பாவிடம் இருந்த வேட்டி எல்லாமே கட்சிக்கரை வேட்டி. கரையை உள்ளே மடித்துச் சுவரில் கட்டினோம். வாசல் வெளிச்சம் முகத்தில் படும்படி முக்காலியைப் போட்டு, போனில் இருந்த விதிகளை நான் படித்தேன்.

"நேராவா பாக்கணும்?" என்றாள்.

"நேராத்தான் சின்னம்மா."

"மூஞ்சியத் திருப்ப வேணாமா?"

"திருப்பவே கூடாதாம்."

முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "பாரு பாப்பா, காசு வாங்குன போட்டோக்காரன் ஒருத்தனும் சொல்லல. ஊரு பேரு தெரியாத கவர்மெண்டு சொல்லுது" என்றாள். சிரிக்கக் கூடாது என்று விதி. அவள் சிரிப்பை அடக்கியது படத்தில் தெரிகிறது. வேட்டியின் கரையும் ஒரு மூலையில் அவிழ்ந்து தெரிகிறது.

ஏற்றினேன். இரு கண்களும் திறந்திருக்க வேண்டும் என்று சிவப்பு எழுத்தில் வந்தது. கரையைச் சரிசெய்து மறுபடி எடுத்தேன். வெளிச்சத்தை மாற்றி மறுபடியும் எடுத்தேன். அதே சிவப்பு எழுத்து. என்ன சொல்லுது என்று கேட்டாள், சொன்னேன். "இத்தன வருசமா நான் தெறக்க முடியாதத அதையே வந்து தெறந்துவுடச் சொல்லு" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். எது முகம், எது முகமில்லை என்று சொல்ல ஒரு எந்திரத்துக்கு யார் அதிகாரம் கொடுத்தது? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். சித்தப்பா அந்தப் படத்தை ஒரு பிரவுசிங் சென்டருக்குக் கொண்டுபோனார். "கவலைய வுடுங்க பெரியவரே, அட்ஜஸ்ட் பண்ணிட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டான் கடைக்காரன். வலது கண்ணை நகலெடுத்து, திருப்பி, இடது பக்கம் ஒட்டியிருக்கிறான். கூடவே இலவசமாக முகத்தையும் வெளுத்துவிட்டான். முகத்துக்குச் சொந்தக்காரியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எந்திரமும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

விசாத் தாளைப் பார்த்த சின்னம்மா, "இது யாரு? வெள்ளையா லட்சணமா இருக்கா, இவளையே அனுப்பி வைங்க" என்றாள். எங்களுக்கும் பயம்தான். ஆனால் மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று. திருச்சி ஏர்போர்ட்டில் கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டைப் பார்த்தாள், விசாவைப் பார்த்தாள், சின்னம்மாவைப் பார்த்தாள். "ரெண்டும் ஒரே ஆளா தெரியலையேம்மா" என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பிரசவ மருந்தும் கருப்பட்டியும் கட்டிய பையோடு நாங்கள் வெளியே நிற்க, விமானம் போய்விட்டது.

அந்த வாரமே குழந்தை பிறந்தது. வலியில் மகள் அம்மா அம்மா என்று கூப்பிட்டதை மருமகன் போனில் சொன்னார். சின்னம்மா போனை வைத்துவிட்டு, "எம்புள்ள என்னக் கூப்புட்டுருக்கா. மூஞ்சி சரியில்லன்னு நிறுத்திட்டானுவ" என்றாள்.

பிறகு விசாரித்தோம். இப்படிப்பட்டவர்கள் டாக்டர் சான்று வைத்து, இருக்கிற முகத்தையே அனுப்ப ஒரு வழி முதலிலிருந்தே இருந்திருக்கிறது. அந்தச் சிவப்பு எழுத்து அதைச் சொல்லவில்லை. கடைக்காரனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. அப்படியே அனுப்பினோம், யாரோ ஒரு மனிதர் பார்த்திருக்க வேண்டும், விசா வந்தது. சின்னம்மா போய்ச் சேர்ந்தபோது பேத்திக்குத் தொப்புள்கொடி விழுந்துவிட்டிருந்தது.

இப்போது அதே ஒட்டவைத்த கண் கடைத்தெருவில். ஃப்ளெக்ஸ் கட்டிய பங்காளிப் பையன்களைப் பிடித்துக் கத்தினேன். "செத்தப்பறமாவது முழுசா இருக்கட்டுமேன்னுதான்க்கா" என்றான் ஒருவன், பாவமாக. முழுசாகவாம்! அவள் எந்த நாளில் அரைகுறையாக இருந்தாள்? சத்தம் கேட்டு சித்தப்பா வந்தார். ஃப்ளெக்ஸை ஏற இறங்கப் பார்த்தார். "இந்தப் பொம்பளைய எனக்குத் தெரியாதுடா. அவுத்துப் போடுங்க" என்றார்.

என் போனில் இருந்த முதல் படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் வைத்தோம். எந்திரம் வேண்டாம் என்று தள்ளிய படம். மூலையில் வேட்டிக்கரை, நடுவில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நேராகப் பார்க்கும் சின்னம்மா. மாலை போட்டபோது ஒரு சரம் சரிந்து இடது கண்ணை மறைத்தது. அப்படியே இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு என்றது கூட்டத்தில் ஒரு குரல். சித்தப்பா முக்காலியில் ஏறி அந்தச் சரத்தை விலக்கிவிட்டார்.