முழங்காலுக்கு ஒரு அப்பீல்

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தபோது மலைச்சரிவில் வண்டி உருண்டு முழங்கால் நொறுங்கியது. ஊனம் இருபது சதவீதம் என்று எழுதி, சின்னதாக ஒரு பென்ஷன் கொடுத்து அனுப்பினார்கள். ஓசூரில் ஒரு ஃபேக்டரி கேட்டில் செக்யூரிட்டி வேலைக்குச் சேர்ந்தார். ஷிஃப்ட் முடிந்து வந்தால் வீட்டுப் படியேற என் தோள் வேண்டும்.

சில வருடம் கழித்து மெடிக்கல் போர்டு மறுபடி கூப்பிட்டுப் பார்த்து, ஊனம் குறைந்துவிட்டது என்றது. இருபதுக்குக் கீழே போனால் பென்ஷன் கிடையாதாம். கால் என்ன கத்திரிக்காயா, விலை ஏறி இறங்க? சும்மா இருந்தவரைப் பிடித்துத் தள்ளி அப்பீல் போட வைத்தேன்.

அப்பீல் போர்டு கூப்பிட்ட அன்று, அத்திப்பள்ளி செக்போஸ்ட் தாண்டியும் பஸ்ஸில் பாடம் நடத்திக்கொண்டே போனேன்.

"வலிக்குதுன்னு சொல்லுங்க. கீழ குந்த முடியலன்னு சொல்லுங்க. அவங்க எதுர்ல வெறச்சுக்கிட்டு நிக்காதீங்க."

"செரி செரி, எத்தினி வாட்டி சொல்லுவ" என்றார்.

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வாசல் திரைக்கு வெளியே, இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிஸ்கட்டை மென்றுகொண்டே ஒரு ஆபீசர் இந்தியில் கேட்டார்: "கோயி தக்லீஃப்?" ஏதாவது தொந்தரவு உண்டா என்று அர்த்தம். வீட்டில் இவர் பட்டாளக் கதை சொல்லிச் சொல்லி எனக்கே பழகிப்போன வார்த்தை. பூட்ஸ் சேர்ந்து அடிக்கும் சத்தம் கேட்டது. பரேட் மைதானத்தில் கத்துகிற மாதிரி, "தக்லீஃப் நஹி, சார்!" என்றார் என் புருஷன். போன தடவையும் இப்படித்தான் கத்தியிருப்பார்.

திரையை ஒதுக்கிவிட்டு உள்ளே போனேன்.

"பொய் சொல்றாருங்க. படியேறச் சொல்லிப் பாருங்க."

தமிழ் தெரிந்த ஒரு ஆபீசர் சிரித்தார். "அவரே இல்லேங்கறாரேம்மா" என்று பேனாவை மூடினார். நாங்கள் கொண்டுபோன எக்ஸ்ரே கவர் பிரிக்காமல் மேசையில் கிடந்தது, அதன்மேல் டீ கப். வலிக்கிறது என்றால் கோழை என்று அடித்துப் பழக்கியவர்களும் இவர்கள்தான், வலிக்கவில்லை என்றால் குணமாகிவிட்டது என்று எழுதிக்கொள்கிறவர்களும் இவர்கள்தான். தூ! இவர்களைச் சொல்லி என்ன, அட்டென்ஷனில் இன்னும் அசையாமல் நின்ற மனுஷனைப் பார்க்கவும் எனக்கு அருவருப்பாக இருந்தது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது, கடைசிப் படியில் முழங்கால் மடங்கிக் கீழே விழுந்தார். கண்டக்டர் ஓடி வந்தார்.

"ரொம்ப வலிக்குதாங்க?"

"உசுரே போவுதுப்பா" என்று, முன்பின் தெரியாத அந்தக் கண்டக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

குனிந்து தூக்க எனக்கு மனம் வரவில்லை.