சுவிட்சிலிருந்து எடுக்காத விரல்

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலைப்படியில், ஒரு சிறிய காவடிக் கூட்டத்துக்கு முன்னால் அவர் ஏறிக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, மஞ்சள் வேட்டி, முகமெல்லாம் கடுப்பு. கூட்டத்தில் மேளம் இல்லை. அவர் தோளில் தொங்கிய புளூடூத் ஸ்பீக்கர்தான் பாடியது. அதன் சுவிட்சை வலது கட்டைவிரலால் அழுத்தியபடியே வந்தார்; விரலை எடுத்தால் பாட்டு நின்றுவிடும். சுவிட்ச் மேல் அட்டையை மடித்து வைத்து அவர் கட்டியிருந்த ரப்பர் பேண்டு பாதி வழியிலேயே அறுந்துவிட்டது.

“புதுசு மாதிரி இருக்கே, கடையில மாத்தித் தரலையா?” என்றேன்.

“வேர்வை பட்டுச்சாம், அதனால வாரண்டி கெடையாதாம். தோள்ல மாட்டிக்கினு போகத்தான் பட்டை வச்சி விக்கிறான். வேர்க்காத மனுசன் எங்கங்க கீறான்?”

கேட்ட எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. “குடுங்க, கொஞ்ச நேரம் நான் அமுக்கிப் பிடிக்கிறேன்.”

“வேணாங்க. காப்பு கட்டினவங்கதான் தொடணும்.”

கோபுரம் தெரிந்ததும் எல்லோரும் அரோகரா என்று கைகூப்பினார்கள். காவடி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. அவர் இடது கையை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

“பாத்துக்க முருகா. உன்ன ரெண்டு கையால கும்புட உடல அந்தக் கடைக்காரன்.”