ஒரு கூடையா, இரண்டு கூடையா

இல்லை, வானிலை அறிக்கையை நான் குறை சொல்லவில்லை. அதை உரக்கப் படித்ததுதான் தப்பு.

இன்று காலை பென்னலூர் நிறுத்தத்தில் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் முனியம்மா, பஸ் ஜன்னல் வழியே என் பேப்பரைப் பார்த்துக் கேட்டார்.

"நாளிக்கு வெயிலு எப்டின்னு போட்டுக்கீதும்மா?"

வெயில் ஏறினால் இரண்டு கூடை போகும். மேகம் போட்டால் ஒன்றுகூடப் போகாது. பறித்தது வாடிவிடும், பறிக்காதது கொடியிலேயே முற்றிவிடும்.

படித்தேன். "வெப்பம் மேலும் உயரும். ஓரிரு இடங்களில் இடியுடன் மழை பெய்யக்கூடும்."

"ரெண்டும் சொன்னா நா எத்தினி கூடை பறிக்கறது?"

"ஒண்ணரை கூடை பறி, யக்கா!" என்றார் கண்டக்டர். பஸ் முழுக்கச் சிரித்தது.

முனியம்மா சிரிக்கவில்லை. "நீ படிச்ச பொண்ணு. நீ சொல்லு."

"இரண்டு கூடை," என்றேன். தத்துவம் படிப்பவளுக்கு அத்தனை உறுதி எங்கிருந்து வந்ததோ!

இப்போது செம்பரம்பாக்கம் பக்கம் மேகம் திரண்டிருக்கிறது. உங்கள் பக்கம் எப்படி? வெயில் என்றால் மட்டும் பதில் எழுதுங்கள்.

நாளைக்கான பையிலிருந்து இரண்டு புத்தகங்களை வெளியே எடுத்து வைத்தேன். பிஞ்சுக்கு இடம் வேண்டும்.