தப்பாய்த்து

என் அக்காவைப் பற்றி நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அழுகை அப்புறம்தான் வரும். இத்தனை வருஷம் கழித்தும் அதே வரிசைதான்.

அறுபதுகளின் தொடக்கம். வேலூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூர் ஆஸ்டின் டவுனுக்கு நாங்கள் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அக்காவுக்குக் கமர்ஷியல் தெருப் புடவைக் கடையில் வேலை. வருகிறவர்களுக்கு முந்தானையைத் தன் தோளில் போட்டுக் காட்டவேண்டும். அக்கா நல்ல வாட்டசாட்டம். "எம் பொண்ணு தின்ன சோறு வீண்போகல, உடம்புல தெரியுது" என்று அம்மா பெருமையடித்துக்கொள்வாள். கொஞ்சம் பூசினாற்போல இருக்கும் பெண்கள் அவளைத் தேடித்தான் வருவார்கள். "நீ போட்டுக் காட்டும்மா, அப்பத்தான் எனக்கு எப்படி இருக்கும்னு தெரியும்" என்பார்கள். அதைக் கேட்டால் அக்காவுக்குத் தலைகால் புரியாது.

அந்தச் சமயத்தில் ஏதோ மில்காரர்கள் தங்கள் புடவைகளுக்கு எம்.ஜி. ரோடு ஓட்டலில் பேஷன் பரேடு வைத்தார்கள். கடைகளிலிருந்து பெண்களைக் கேட்டபோது முதலாளி அக்காவையும் அனுப்பினார். ஏற்பாடு செய்தவர் மைசூர்க்காரர், கன்னடம்தான் பேசுவார். எல்லாருக்கும் ஒரே அளவில் ரவிக்கை தைத்து வைத்திருந்தார்கள். போட்டுப் பார்க்கச் சொன்ன அன்று, அக்காவுக்கு அது முழங்கையைத் தாண்டவில்லை.

வீட்டுக்கு வந்தவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"ரவிக்கை பத்தலடி. ஆனா அந்த சாரே தலைய ஆட்டி, தப்பாய்த்து, தும்ப தப்பாய்த்துன்னு, ரொம்பத் தப்பாயிடுச்சுன்னு ஒத்துக்கிட்டாரு. எவ்ளோ பெரிய மனுஷன், எங்கிட்டப் போயி! எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. பரவால்ல சார், வேற தெச்சுக்கலாம்னேன்."

"பின்னே, தெச்சவன் மேல தப்பு இருந்தா ஒத்துக்கத்தானே வேணும்?" என்றாள் அம்மா.

அதற்கப்புறம் வீட்டில் நடைப் பயிற்சிதான். அடுப்படியிலிருந்து வாசல்வரை வருவாள், நிற்பாள், திரும்புவாள். "ஒய்யாரம் தாங்கலயே!" என்று நான் கிண்டல் பண்ணினால் முந்தானையால் ஒன்று போடுவாள். ஒரே ஒருநாள், புடவையின் ஓரத்தை மட்டும் பார்க்காமல் தன்னை முழுசாக நாலு பேர் பார்க்கவேண்டும் என்பதுதான் அவள் ஆசை. அது என்ன பேராசையா?

பரேடு மத்தியானத்தில். பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் தையல்காரர் ரவிக்கைகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சிவாஜி நகர் ஆள், வயசானவர், உருது கலந்த தமிழ். அக்கா ஆசையாகக் கையை நீட்டினாள்.

"உனுக்கு இல்லேம்மா. அன்னிக்கே சார் சொல்ட்டாரே?"

"தெச்சது தப்புன்னுதானே சொன்னாரு?"

"அது தப்பு இல்லேம்மா. தப்ப... மோட்டா!" என்று இரண்டு கைகளையும் அகலமாக விரித்துக் காட்டினார். பாவம், அவர் விளக்கத்தான் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பள்ளிக்கூடத்தில் நான் கன்னடம் படித்துக்கொண்டிருந்தேன். 'தண்ணீர்' என்று சொல்லும்போது வருகிற 'த' போட்டால் தவறு. 'தீபம்' என்று சொல்லும்போது வருகிற 'த' போட்டால் பருமன். நம் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். குண்டாக இருக்கிறாள் என்று முகத்துக்கு நேரே சொன்ன மனுஷனுக்கு அக்கா ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நாசமாய்ப் போக!

அக்கா கையை மடக்கிக்கொண்டாள். யாரோ, "நீ நல்லா கொசுவம் வெப்பியாமே" என்றார்கள். முட்டி போட்டு, குச்சி குச்சியாக இருந்த அத்தனை பெண்களுக்கும் அவளே கொசுவம் வைத்துவிட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் கைதட்டல் கேட்டபோதெல்லாம் அவள் தலை நிமிரவே இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்தோம். அம்மா வாசலிலேயே நின்றாள்.

"நடந்தியா? எல்லாம் பாத்தாங்களா?"

"நடந்தேம்மா. எல்லாரும் கைதட்னாங்க" என்றாள் அக்கா. நான் பூக்கூடையை உள்ளே கொண்டுபோய் வைத்தேன்.

சோறு போட்டபோது தட்டின்மேல் கையை வைத்து மறைத்தாள். "போதும்மா." அம்மா இன்னொரு கரண்டி கொண்டுபோனபோதும் கையை எடுக்கவே இல்லை.

"அத்தனை ஜனம் பாத்துச்சே. கண்ணுதான் பட்டிருக்கும்" என்று அம்மா மிளகாயும் உப்பும் எடுத்து அக்காவை மூன்று தரம் சுற்றி அடுப்பில் போட்டாள். கண் பட்டிருந்தால் மிளகாய் நெடியே வராது என்பது அவள் கணக்கு.

நெடி குப்பென்று கிளம்பியது. வீடு முழுக்க இருமல்.

"என்னடி இது?" என்றாள் அம்மா, கண்ணைக் கசக்கிக்கொண்டே. "ஒருத்தர் கண்ணுகூட எம் பொண்ணு மேல படலியே!"

அக்கா அந்தப் புகையிலேயே உட்கார்ந்து, நெடி என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.