சுவரில் ஒரு சின்ன வள்ளம்

குருநகரில் கடற்றொழில் செய்பவன் நான். எங்கள் சனசமூக நிலையத்தில் சனிக்கிழமைகளில், வர்ணப் பெட்டி வாங்க வசதியில்லாத பிள்ளைகளுக்கு இலவசமாக ஓவியம் பழக்குகிறார்கள். பதின்மூன்று வயதான என் மகள் டிலானியும் போகிறாள். போன மாதம் நிலையத்தின் வெளிச்சுவரில் பிள்ளைகள் படம் வரைந்தார்கள்.

"உங்கடை வள்ளத்தைக் கீறியிருக்கிறன் அப்பா" என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. என்னோடு தொழிலுக்கு வரும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

சுவர் முழுக்கக் கடல். உச்சியில் எறும்பளவில் ஒரு வள்ளம். கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"என்ன பிள்ளை இது? இருபத்துமூண்டு அடி வள்ளம் உனக்கு எறும்பே?" என்று எல்லோருக்கும் முன்னால் கத்தினேன்.

அவள் அழவில்லை. "கரையிலை நிண்டு பாத்தா அவ்வளவுதான் தெரியும் அப்பா. நீங்கள்தானோ எண்டு நானும் அம்மாவும் ஒவ்வொரு நாளும் உத்துப் பாக்கிறனாங்கள்" என்றாள்.

சிரிப்பு நின்றுவிட்டது.

இப்போது வள்ளத்தில் நீளமான தடி நட்டு, மனைவியின் பழைய சிவப்புச் சேலைத் துண்டைக் கட்டிக்கொண்டுதான் கடலுக்குப் போகிறேன். சுவரைப் பார்த்து, "உது என்ன புள்ளி?" என்று கேட்பவர்களிடம், "அது நான். கீறினது என்ரை மகள்" என்று சொல்கிறேன்.