நூறாவது நாள் விருந்து

1958 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. பகல் பன்னிரண்டேகால். விடிந்ததிலிருந்து விட்டுவிட்டு மழை. என் வீட்டு மேஜையில் ஐந்து இலை. தேவராசு குடியை நிறுத்தி அன்று நூறாவது நாள்.

தேவராசு எங்கள் தெருக்காரன். மில்லில் பிட்டர். ஆகஸ்டில் அவன் மனைவி கனகம் இரண்டு பிள்ளைகளோடு முதலியார்பேட்டைத் தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். "நூறு நாள் குடிக்காம இருக்கட்டும், வர்றேன்" என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனாள். எண்ணுகிற வேலைக்கு என்னைவிட்டால் வேறு யார்?

மாலை ஆறு மணி அவன் சாராயக்கடைக்குக் கிளம்புகிற நேரம். அந்த நேரத்துக்குக் கடற்கரைக்கு அழைத்துப்போவேன். பழைய கூட்டாளிகள் தென்பட்டால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவோம். திரும்பி வந்ததும் காலண்டரில் ஒரு பென்சில் கோடு. தொண்ணூற்றொன்பது நாளும் அவனை அவர்கள் யாரிடமும் பேசவிடவில்லை. கோட்டைவிட்டது அங்கேதான்...

நூறைக் கொண்டாடாமல் விடலாமா? என்னோடு கோர்ட்டில் வேலை பார்த்த இருவரையும், சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்த பென்ஷன்காரர் ஒருவரையும் அழைத்தேன். பட்டாளத்துக்காரர் குடையை மடக்கிவிட்டு, கையிடுக்கிலிருந்து ஒயின் பாட்டில் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். எங்கள் ஊரில் விருந்துக்கு வெறுங்கையோடு வருவது மரியாதை இல்லை. வந்த பாட்டிலைத் திறக்காமல் உள்ளே வைப்பது அதைவிட மரியாதைக்குறைவு.

"முசே, இவனுக்கு வேண்டாமே..." என்று எங்கள் ஊர்ப் பிரெஞ்சு 'ஐயா'வைப் போட்டு இழுத்தேன். இழுத்ததோடு சரி.

"என்னா முசே, ஒயினெல்லாம் ஒரு குடியா? நூறு நாள் இருந்துட்டான். ஒரு மொடக்குல என்னா பூடும்?"

ஐந்து கிளாசிலும் ஊற்றினார். நான்கு கிளாஸ் உயர்ந்தது. 'சாந்தே' — ஆரோக்கியத்துக்காம். தேவராசு என்னைப் பார்த்தான். நான் என் இலையைப் பார்த்தேன்.

ஐந்தாவது கிளாசும் உயர்ந்தது.

பெரிய படிப்புப் படித்தவன் நான். என் வீட்டில், என் மேஜையில், ஒரு பாட்டிலை எடுத்து உள்ளே வைக்க எனக்கே துணிவில்லை. விருந்தாளியாக வந்தவனுக்கு எப்படி வரும்? வேண்டாம் என்று சொல்வதற்கும் பழக்கம் தேவை; பழகத்தான் நான் அவனை விடவில்லையே. பக்கத்தில் இன்னொருவன் 'எனக்கும் வேண்டாம்' என்றால் பாதி பாரம் குறையும். நான் அந்த இன்னொருவனாக இருந்திருக்கலாம். என் கிளாசும் அல்லவா உயர்ந்திருந்தது?

மூன்று மணிக்கு, "வர்றேன் முசே" என்று தேவராசு கிளம்பினான். ஆறு மணிக்குக் கடற்கரைக்கு வரவில்லை. மறுநாள் காலை கனகம் பிள்ளைகளோடும் பெட்டியோடும் வண்டியில் வந்தபோது, தன் வீட்டு வாசலில் சேற்றோடு கிடந்தான். அவள் பெட்டியை இறக்கவே இல்லை.

"நல்லா எண்ணினீங்க முசே" என்று மட்டும் சொன்னாள். வண்டி திரும்பியது.

இப்போதும் ஆறு மணிக்கு அவன் கதவைத் தட்டுகிறேன். "வரலை, போங்க" என்பான். சில நாள் அதுவும் இல்லை. நேற்று பாதிக் கதவைத் திறந்தான். "வர்றேன். எத்தினியாவது நாள்னு மட்டும் சொல்லாதீங்க."

சொல்லவில்லை. காலண்டரையும் கழற்றிவிட்டேன். ஒரு கணக்கு மட்டும் மனதைவிட்டுப் போக மறுக்கிறது. பாட்டில் ஓசி. மற்றபடி அந்த விருந்துக்கு எனக்கு ஆனது பதினோரு ரூபாய் இருபத்தைந்து நயா பைசா.