மைக்காரரின் இரண்டாவது குரல்

ரயில் நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்பு செய்துவந்தவரை எல்லோரும் மைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். வேலையில் பேசியது போதாதென்று வீட்டிலும் வாய் ஓயாது. தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்துவிட்டபோது, கட்டிலில் படுத்தபடி அவர் வாயைத் திறந்து திறந்து மூடியதை மனைவியால் பார்க்க முடியவில்லை.

மருத்துவமனையில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார்கள். நாம் தட்டச்சு செய்தால் அது பேசும். "தயவுசெய்து தலையணையைக் கொடுங்கள்" என்று செய்தி வாசிப்பதுபோல் அது சொன்னதும் மனைவி சிரித்துவிட்டாள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து இவ்வளவு மரியாதையா என்கிட்ட பேசினதில்லையே!"

"வந்துட்டியா" என்று பேச்சுவழக்கில் அடித்தால் அதற்குப் புரியாது. ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிக்கும். இருந்தாலும் ஏதோ ஒரு குரல் என்று பழகிக்கொண்டார்.

ஒரு நாள் காலையில் செயலி திறக்கவில்லை. சேவை நிறுத்தப்பட்டது என்று ஒற்றை வரி மட்டும் இருந்தது. அதைச் செய்த நிறுவனம் மூடப்பட்டிருந்தது. குரல் அவர்களுடைய கணினிகளில்தான் இருந்தது, அதுவும் போயிற்று. அறுவை சிகிச்சைக்குக் கலங்காத மனிதர் அன்று சுவர்ப் பக்கம் திரும்பி அழுதார்.

கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த மருமகன் சேதி கேட்டு வந்தார். அவர் வேறொரு மென்பொருளைப் போட்டார்.

"மாமா, இது ஓப்பன் சோர்ஸ். இதை எப்படி எழுதியிருக்காங்கன்னு யார் வேணும்னாலும் பாக்கலாம், மாத்தலாம். செஞ்சவங்க நாளைக்கே விட்டுட்டுப் போனாலும் இது உங்க கம்ப்யூட்டர்லயே இருக்கும்."

பேசவிட்டுப் பார்த்தார்கள். மனைவி முகம் சுளித்தாள். "சளி புடிச்சவன் பேசுற மாதிரி இருக்கே, மாப்ள."

"சளிய நாமளே சரி பண்ணிக்கலாம் அத்தை. அதான் இதுல விசேஷம்."

அது அவ்வளவு சுலபமாக இல்லை. எந்தச் சொல்லை எப்படி உச்சரிப்பது, எங்கே மூச்சு விடுவது என்று மைக்காரர் எழுதிக் காட்டுவார். மருமகன் அதை நிரலாக்குவார். சிக்கிக்கொண்டால் அந்த மென்பொருளைப் பயன்படுத்துபவர்களின் இணையக் குழுவில் கேட்பார்கள். முகம் தெரியாத யாரோ எங்கிருந்தோ வழி சொல்வார்கள். பல மாதங்களில் "வந்துட்டியா" வந்தது, "அட போப்பா" வந்தது. செய்த திருத்தங்களை எல்லோருக்குமான பதிப்பில் சேர்க்க அனுப்பினார்கள், அங்கேயும் ஏற்றுக்கொண்டார்கள். தன் பேச்சைத் திருத்த இனி யாரிடமும் கெஞ்ச வேண்டாம் என்பதே அவருக்குப் பெரிய நிம்மதி.

பிறகொரு மதியம், பக்கவாதத்தில் பேச்சிழந்த ஓர் ஆசிரியை குழுவில் எழுதியிருந்தார். இத்தனை நாள் மகளிடம் "உணவு உண்டீர்களா" என்றுதான் கேட்க முடிந்ததாம். புதிய பதிப்பில் "சாப்ட்டியாம்மா" என்று கேட்டதும் மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டாளாம்.

மைக்காரர் அதைத் திரும்பப் படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசரமாகத் தட்டினார்.

"ஏய், இங்க வந்து இதப் பாரேன்!"

"கையில மாவா இருக்கு," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. "அங்கேர்ந்தே சொல்லுங்க, கேக்குது."

அவர் சொல்லத் தொடங்கினார்.